சாது, தள்ளு, பேய்

என் கணவர் தூக்கத்தில் வண்டி ஓட்டுவார். வலது பாதம் மட்டும் போர்வைக்கு வெளியே வந்து மெல்ல அமுங்கும், கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும், பிறகு விலகும். உதட்டிலிருந்து சன்னமாக ஒரு விசில் வரும். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி விடுகிற டர்போ சுற்ற ஆரம்பிக்கிற சத்தமாம் அது. விடிகிற வெளிச்சம் திரைச்சீலை வழியாக வடிந்து அந்தப் பாதத்தின் மேல் விழும். எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைக்காமல் நான் அதையே பார்த்துக்கொண்டு கிடப்பேன். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"கனவுல எங்கதாங்க போறீங்க?"

"ஊரு தெரியல. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மரம் இருக்கு. ரெண்டு பக்கமும் தெரியுது," என்றார்.

 விழித்திருக்கும்போது அவருக்குப் பக்கவாட்டில் ஒன்றும் தெரிவதில்லை. நேர் எதிரே ஒரு தட்டு அளவுக்கு உலகம் இருக்கும். அதைச் சுற்றி எதுவும் கிடையாது.

"ரெண்டு பக்கமும் திரை மூடிக்கிட்டே வர்ற மாதிரின்னு வெச்சுக்குங்க," என்று கண் டாக்டர் சொன்னார். நல்ல மனுஷிதான். ஆனால் நான் திரைச்சீலை தைத்துப் பிழைக்கிறவள். என்னிடம் வந்து அப்படிச் சொல்லலாமா? "நான் தைக்கிற திரையை இழுத்தா திறக்கும் டாக்டர்," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று மட்டும் இவரிடம் சொன்னார். இவரும் மாடு மாதிரித் தலையை ஆட்டினார்.

தலையை ஆட்டியவர் சும்மா இருந்தாரா? நான் ஒரு ஓட்டலுக்குத் திரை மாட்டப் போயிருந்த மத்தியானம் பார்த்து வண்டியை எடுத்திருக்கிறார். தெருமுனை வரைக்கும்தானாம். போன இடத்தில் தபால் பெட்டியை இடித்துச் சாய்த்துவிட்டு, விளக்கு உடைந்த வண்டியோடு வந்து நின்றார். "அது அங்க இருக்கறதே தெரியலடி," என்று சிரிக்கப் பார்த்தார். தபால் பெட்டியின் இடத்தில் ஒரு பிள்ளை நின்றிருந்தால் என்று நினைத்தேன், அவர் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து சாவி என் இடுப்பில் இருந்தது. அன்றிலிருந்து சண்டையும் இருந்தது. "இனிமே தொடமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று நான் கேட்பேன். அவர் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் வாயிலிருந்து பிடுங்க முடியவில்லை.

இந்த லட்சணத்தில்தான் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார், வண்டிக்கு டியூன் போடப் போகிறாராம்.

எனக்கு விஷயம் தெரியாமல் இல்லை. எஞ்சினுக்கு மூளையாக ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. எவ்வளவு காற்றை அமுக்கி உள்ளே விடுவது, எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது, எந்த நொடியில் பொறியைத் தட்டுவது எல்லாம் அதில் எழுதி வைத்திருக்கிறது. கம்பெனிக்காரன் எழுதியதை அழித்துவிட்டு வேறு எழுதினால், ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் அதே வண்டி வேறு வண்டியாகிவிடும். இதைச் செய்து கொடுப்பதுதான் என் நாத்தனாருக்குத் தொழில். டயர் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது, ஆனாலும் வீட்டில் அவளுக்குப் பெயர் பொடிசு. அண்ணன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், தங்கை எஞ்சினுக்குப் புத்தி சொல்கிறவள். இந்தக் குடும்பத்தில் யாருக்கும் நகராத பொருளின் மேல் ஆசை வந்ததே இல்லை. நான் எப்படித் தப்பி வந்து மாட்டினேன் என்பதுதான் ஆச்சரியம்.

"ஓட்டவே கூடாதுன்னு சொன்ன வண்டிக்கு இன்னும் வேகமா? வேலில போற ஓணானப் பிடிச்சு மடியில விட்டுக்கற கதையால்ல இருக்கு!"

"ஒரு தடவைதான்," என்றார். கெஞ்சவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பிறகு பல நாட்கள் வீட்டில் அந்தப் பேச்சுதான். நான் தைத்துக்கொண்டிருப்பேன், ஜன்னலில் தொங்கவிட்ட நீலத் துணி அறை முழுவதையும் தண்ணீருக்குள் முக்கியதாகக் காட்டும், அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு டியூனைப் பற்றிப் பேசுவார். அந்தப் பெட்டியில் எழுதுவதற்குப் பொடிசு மூன்று ஃபைல் வைத்திருக்கிறாளாம். முதலாவதன் பெயர் சாது. எந்தப் பெட்ரோலையும் குடிக்கும், எஞ்சினை நோகடிக்காது. மூன்றாவது பேய். கீழே தூங்கிக்கொண்டே இருந்துவிட்டு மேலே போகப் போக வெறி பிடிக்கும். நடுவில் இருப்பது தள்ளு. அது என்ன செய்யும் என்று அவர் சொன்னபோது நான் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லை. விழுந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். இவர் ஓட்டப் போகிறார், அதற்குத்தான் இத்தனை ஆசை என்பது மட்டும் எனக்கு உறுதியாகிவிட்டது.

பொடிசிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஃபைலைப் போட்டிருக்கிறாள் என்று வாடிக்கைக்காரருக்குச் சொல்லமாட்டாள். ஒன்றைப் போட்டு ஓட்டச் சொல்லுவாள், அழித்துவிட்டு அடுத்ததைப் போடுவாள், பிறகு இன்னொன்று. கடைசியில் எது வேண்டும் என்று கேட்பாள். "பேரச் சொன்னா காதுதான் முடிவு பண்ணும் அண்ணி. முதுகு முடிவு பண்ணணும்," என்பாள். பேய் வேண்டும் என்று குதித்துக்கொண்டு வந்தவர்கள் சாதுவை ஓட்டிவிட்டு இதுதான் பேய் என்று கும்பிட்டுவிட்டுப் போனதெல்லாம் உண்டாம்.

அந்த வழக்கத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். திரை மாட்டப் போகிற சாக்கில் அவள் கொட்டகைக்குப் போனேன்.

"மூணு தடவையும் எதையும் மாத்தாத. கம்பெனி போட்டத அப்படியே விட்டுடு. மாத்தற மாதிரி மட்டும் காட்டு. எதையாவது ஒண்ண எடுத்துக்கட்டும், சந்தோஷமா இருக்கட்டும்."

பொடிசு துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது.

"அண்ணாவ ஏமாத்தச் சொல்றீங்களா?"

"உங்கண்ணா தபால் பெட்டிய இடிச்சாரு. அடுத்தது என்னன்னு நீ சொல்லு."

அவளுக்கும் அண்ணன் உயிர்தானே.  கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தவள், "உங்க வயித்துல பயம், என் வயித்துல புளி," என்று மட்டும் முனகினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரை ரோட்டுக்குப் போனோம். பனி இறங்கியிருந்தது. ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. ரோடு மட்டும் கறுப்பாக நேரே போய் வெள்ளைக்குள் நுழைந்தது. ஒரு ஈ காக்காய் இல்லை. வண்டி ஓட்டுவது நான். அவர் பக்கத்து சீட்டில். பொடிசு பின்னால் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகிய வயரை என் முழங்காலை ஒட்டி இழுத்துப் பிடித்திருந்தாள்.

"மூணாவது கியர்ல நிறுத்திக்குங்க அண்ணி. மெதுவாப் போய்ட்டே இருந்து, நான் சொன்னதும் ஒரே மிதி. போதும்னு சொன்னா விட்டுடுங்க."

அதுவரைக்கும் அந்த வண்டியைக் காய்கறிக் கடைக்கும் கண் ஆஸ்பத்திரிக்கும் உருட்டிக்கொண்டு போனவள் நான். ஒரே மிதியாம். அவள் சொன்னாள், நான் மிதித்தேன், பாதியில் பயந்து பிடித்துக்கொண்டேன், பிறகு மிச்சத்தையும் மிதித்தேன். போதும் என்றதும் பழக்க தோஷத்தில் குதிகாலை அழுத்தினேன். என் தையல் மெஷின் பெடலில் கால்விரலை அழுத்தினால் ஓடும், குதிகாலை அழுத்தினால் நின்று நூலையும் அறுத்துக் கொடுக்கும். வண்டி நூலை அறுக்கவில்லை. தன் பாட்டுக்கு உருண்டுகொண்டே போனது.

"பிரேக்குனு ஒண்ணு குடுத்திருக்காங்க," என்றார் அவர்.

"தெரியும்," என்றேன்.

ஓரமாக நிறுத்தினேன். அவர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, ஒரு உள்ளங்கையைக் கதவின் மேல் ஒட்டி வைத்திருந்தார். லிஃப்டுக்குள் நின்று பழுதைத் தேடும்போது சுவரில் அப்படித்தான் கை வைப்பாராம்.

"இது யோசிக்குது," என்றார். "போகட்டுமா வேணாமான்னு ஒரு தடவை கேட்டுட்டுத்தான் போகுது. பாவம், நல்ல மனசு."

பின்னால் பொடிசு இருமினாள். பிறகு ஃபைல் மாற்றுகிறேன் என்று தட்டினாள். மாற்றும்போது எஞ்சின் ஓடக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது, எந்த சுவிட்சையும் தொடக் கூடாது. பழசின் மேல் பழசையே எழுதிக்கொண்டு திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்தது. நாங்கள் மூன்று பேரும் பனிக்குள் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடியெல்லாம் எங்கள் மூச்சில் வெளுத்துவிட்டது. வண்டிக்கு வெளியே உலகம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது அவருக்கு என்று தோன்றியது. அந்த நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. துணியை எடுத்துக் கண்ணாடியைப் பரபரவென்று துடைத்தேன்.

இரண்டாவது தடவை ஓட்டும்போது, "கொஞ்சம் தைரியமா மிதியேன், எறும்பக் கொல்ற மாதிரி மிதிக்கிற," என்றார். எனக்கு வந்ததே கோபம். தபால் பெட்டி, தட்டைப் பார்த்துக்கொண்டு பேசிய பேச்சு, பிடுங்க முடியாத அந்த ஒரு வார்த்தை, எல்லாவற்றையும் சேர்த்து மிதித்தேன்.

"ஆ! இது கோவக்கார ஃபைல்," என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. "யாரையோ திட்டிக்கிட்டே போகுது. ஆனா நெஞ்சுக்குள்ள ஒண்ணும் வெச்சுக்காது."

 ஒன்றுமே இல்லாததற்கு இப்படி மகிழ்கிறாரே! காலி டப்பாவைக் கையில் கொடுத்து இனிப்பு என்றோம், அவரும் ருசி சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது தடவை ஓட்டியபோது என் கண் ரோட்டில் இருந்தது, காலும் பெடலில் இருந்தது, மனசு மட்டும் எங்கேயும் நிற்கவில்லை.

இந்தத் தடவை நான் வண்டியை நிறுத்திய பிறகும் கதவிலிருந்து கையை எடுக்காமல் இருந்தார்.

"இது மிதிச்சா போகுது. ஆனா ஏதோ தப்புப் பண்ணிட்ட மாதிரி போகுது," என்றார்.

"எது வேணும் அண்ணா?" என்று பொடிசு கேட்டாள்.

"எத வேணாலும் குடு. மூணும் ஒண்ணுதானே."

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். பொடிசு லேப்டாப்பை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். எனக்கு முதலில் வந்தது வெட்கம்தான். ஆனால் வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"தெரிஞ்சா மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே? அது யோசிக்குது, இது திட்டுதுன்னு எதுக்கு இவ்வளவு நேரம் கதை? எதப் பத்தி சொன்னீங்க?"

"உன்னப் பத்தி," என்றார். "மொத தடவை பயந்த. ரெண்டாவது தடவை என்னைத் திட்டின. மூணாவது தடவை ஏன் அழுதுக்கிட்டே ஓட்டினன்னுதான் தெரியல."

நான் அழவில்லை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு முதுகால் பார்த்தவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

"நான்தான் அண்ணா..." என்று பொடிசு ஆரம்பித்தாள்.

"நீ இல்ல. நான்தான் சொன்னேன்," என்றேன். "வண்டிக்கு வேகம் வந்தா ஓட்டிடுவீங்க. என்னால இன்னொரு தடவை அத பாக்க முடியாது. போதுமா? அதான் சொன்னேன்."

அவர் என் பக்கம் முழுசாகத் திரும்பினார். என் முகம் அவருடைய அந்தத் தட்டுக்குள் வருவதற்குக் கழுத்தைக் கொஞ்சம் திருப்பித் தேட வேண்டியிருந்தது.

"ஓட்டறதுக்கா கேட்டேன்? ஒக்காந்து வர்றதுக்குக் கேட்டேன்டி. இனிமே என் சீட்டு இதுதான்னு எனக்குத் தெரியாதா? ஜன்னல் பக்கம் பாத்தா ஒண்ணும் இல்ல. முன்னாடி பாத்தா இத்தனூண்டு. முதுகுல ஒரு தள்ளு வந்தாத்தான் எங்கயோ போறோம்னு தெரியும்."

 இத்தனை நாள் ஒரு வீட்டில் இருந்து, ஒரு மனுஷன் கேட்டது என்னவென்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். சண்டை போடுவதற்கு இருந்த நேரம் கேட்பதற்கு இல்லாமல் போய்விட்டது. அவர் மேல் அப்போது வந்த பாசத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்பக்கம் திரும்பி நாத்தனாரை அதட்டினேன்.

"என்னடி பாத்துட்டு இருக்க? ஓட்டறவருக்கு இல்ல, ஒக்காந்து வர்றவருக்கு. எது போடணும்?"

பொடிசு மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொழிலுக்கு வந்தாள். "பேய் வேணாம் அண்ணி. அது ரொம்ப மேல போனாத்தான் முழிக்கும். அவ்வளவு வேகம் நீங்களும் போகமாட்டீங்க, போகவும் கூடாது. எல்லாரும் பெரிய நம்பரப் பாத்து அதத்தான் கேப்பாங்க. தள்ளு அப்படி இல்ல. கீழயே எந்திரிச்சிடும். சாதாரண வேகத்துலயே முதுகுல கை வெச்ச மாதிரி இருக்கும்."

"சாது?"

"சாது எனக்கு வேணாம்," என்றார் அவர். "கட்டிக்கிட்டதே சாது இல்ல."

"சாது மிரண்டா காடு கொள்ளாதுன்னு தெரியும்ல?" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். 

"தள்ளையே போடு," என்றேன். தள்ளுக்கு உயர்ரகப் பெட்ரோல்தான் வேண்டும், இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இருந்தது. முந்தின நாள் அவர் வற்புறுத்தி நிரப்ப வைத்திருந்தார், நான்தான் முணுமுணுத்துக்கொண்டே நிரப்பினேன்.

பச்சைக் கோடு மறுபடி நகர்ந்தது. இந்தத் தடவை நிஜமாகவே பழசு அழிந்துகொண்டிருந்தது. டேஷ்போர்டில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து அணைந்தன, எங்கோ ஒரு விசிறி சுற்றி ஓய்ந்தது. பனி கொஞ்சம் மேலே ஏறி ஏரித் தண்ணீர் ஒரு துண்டு தெரிந்தது. அவர் மறுபடி கண்ணை மூடியிருந்தார். வலது பாதம் மட்டும் காரின் தரையில், பெடல் எதுவும் இல்லாத இடத்தில், மெல்ல அமுங்கி விலகியது.

"ஆச்சு," என்றாள் பொடிசு.

மூன்றாவது கியரில் மெதுவாகப் போனேன். யாரும் சொல்வதற்குக் காத்திருக்கவில்லை. பயப்படாமல், திட்டாமல், முழுசாக ஒரே மிதி.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மூச்சு நேரம் வண்டி காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு சும்மா மிதந்தது. அந்த விசில் கேட்டது, அவர் தூக்கத்தில் ஊதுகிற அதே விசில். "வருது," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "வருது, வருது." வந்தது. சத்தமே இல்லாமல் பெரிய கை ஒன்று எங்கள் மூன்று பேரையும் சீட்டோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு வெள்ளைக்குள் போனது. ரோட்டின் இரண்டு பக்கமும் மரங்கள் பனியிலிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வந்து பின்னால் போயின. அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது என்று அது கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"ரெண்டு பக்கமும் மரம்," என்று நானே சொன்னேன். "பெருசு பெருசா. இடது பக்கம் மரத்துக்குப் பின்னாடி ஏரி."

"ம்," என்றார். பிறகு, நான் கேட்காமலே, சாதாரணமாக, நாளைக்கு மழை வரும் என்று சொல்வதைப் போல, "இனிமே நான் தொடமாட்டேன். நீயே ஓட்டு," என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தினேன். வந்தபோது சந்தோஷமாக இருக்க வேண்டும் அல்லவா? வேண்டாம், திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. மறுபடியும் ஒரு தபால் பெட்டியை இடித்துவிட்டு வந்து என் முன்னால் நின்று சிரிக்கட்டும் என்று இருந்தது. இந்தத் தடவை நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரோடு, மரம், பனி எல்லாம் ஒன்றாகக் கலங்கின.

"அண்ணி, ரோடு தெரியுதா?" என்று பின்னாலிருந்து பொடிசு கேட்டாள்.

"தெரியுது," என்றேன். காலைக் கொஞ்சம் தளர்த்தி, புறங்கையால் இரண்டு கண்ணையும் அழுத்தித் துடைத்துக்கொண்டேன். இனி இந்த வண்டியில் எனக்குத் தெரிந்துதான் ஆக வேண்டும்.